என்னை இடித்த யாரோ ஒருவன்

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று விதமான அலுப்பு இருந்தது. நான் மன்ஹாட்டனில் ஒரு வங்கியின் மென்பொருள் சோதனைக் குழுவில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த எங்களை வாரத்தில் பாதி நாள் ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். காலையில் எங்கள் ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயரில் ரயில் ஏறி நின்றுகொண்டே போவேன். சாயங்காலம் நின்றுகொண்டே திரும்புவேன். கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே குக்கரை அடுப்பில் வைப்பேன். கணவருக்கும் இன்னொரு வங்கியில் இதே மாதிரி வேலை. அவருடைய ப்ராஜெக்ட்டை நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று தெரியாமல் எந்நேரமும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வயது மகளுக்கு நாங்கள் இரண்டு பேருமே அலுப்பாக இருந்தோம்.

பனிச்சறுக்குக்குப் போகும் யோசனை கணவரின் ஆபீஸ் நண்பருடையது. பக்கத்து ஊர் எடிசனில் இருக்கிறார். வருடா வருடம் பிப்ரவரி மாத நீண்ட வாரயிறுதியில் மனைவியோடு பென்சில்வேனியா மலைப்பக்கம் போய் வருகிறவர். ஒரு நாள் ஸ்பீக்கரில் அவர் பேசியது சமையலறை வரை கேட்டது.

"பாஸ், ஒண்ணுமே இல்ல. ரெண்டு மணி நேரம் டிரைவ். காலைல கிளம்பினா ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம். என் வைஃபே ஒரே நாள்ல கத்துக்கிட்டாங்க."

"ஒரே நாள்ல வந்துடுமா?" என்றார் இவர்.

"பேலன்ஸ் மட்டும்தான் பாஸ். நீங்க காலேஜ்ல ஸ்கேட்டிங் பண்ணிருக்கேன்னு சொன்னீங்கல்ல?"

கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்தபோது நண்பனின் ரோலர் ஸ்கேட்டை வாங்கி விடுதி வராந்தாவில் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கிறார். அவ்வளவுதான். ஆனால் போனை வைத்த பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பல மாதங்களாக நான் பார்க்காத வெளிச்சம். அதனால் நானும் சரி என்றேன். மகள் "ஃபைனலி" என்றாள்.

மலையடிவாரத்தில் வாடகைக்குச் சாமான் கொடுக்கும் இடம் கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு முண்டுகிற நேரம் போல இருந்தது. பிளாஸ்டிக் பூட்ஸைப் போட்டால் கணுக்கால் மடங்கவே மடங்காது. குளிருக்குப் பயந்து நான் இரண்டு சாக்ஸ் போட்டிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் ஒன்றைக் கழற்றச் சொன்னாள். பூட்ஸுக்குள் குதிகால் அசையக் கூடாதாம், இரண்டு சாக்ஸ் போட்டால் கால் வழுக்குமாம். பிறகு உயரம், எடை, வயது, முன் அனுபவம் எல்லாம் கேட்டாள். பனியில் வழுக்கும் கால் பலகையில் பூட்ஸைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு ஒன்று இருக்கிறது. நாம் விழும்போது அது தானாகத் திறந்து காலை விட்டுவிட வேண்டும். நாம் சொல்வதை வைத்துத்தான் அது எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று திருகி வைப்பார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். எனக்கு அடுத்து நின்ற என் கணவர், தனக்கு ஓரளவு வரும் என்று அவளிடம் சொல்வது காதில் விழுந்தது.

"ஏங்க, நீங்க எப்ப ஸ்கீ பண்ணீங்க?"

"யூடியூப்ல எவ்ளோ பாத்திருக்கேன். நீ சும்மா இரு."

ஹெல்மெட்டையும் வேண்டாம் என்றுதான் பார்த்தார். நண்பர் தலையில் கம்பளிக் குல்லாய் மட்டும்தான் இருந்தது. நான் பிடிவாதமாக மூன்று பேருக்கும் வாங்கினேன். வீட்டைப் பூட்டிவிட்டோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். பிறவிப் பயந்தாங்கொள்ளி என்று என்னைப் பற்றி அவர் எல்லோரிடமும் சொல்வார். அன்றும் நண்பரிடம் சொன்னார். மூவரும் சிரித்தோம்.

முதல்முறை வருகிறவர்களுக்கு வகுப்பு உண்டு. மகளும் நானும் சேர்ந்தோம். இவர் சேரவில்லை. "சின்னப் பசங்களோட வரிசைல நின்னு நான் என்ன கத்துக்கப் போறேன்?" என்று நண்பரோடு, மலை மேலே ஏற்றிவிடும் நாற்காலி லிஃப்ட் பக்கம் போய்விட்டார். பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோபோ மாதிரி அவர் நடந்து போனதைப் பார்த்து மகள் சிரித்தாள்.

சொல்லிக் கொடுத்தவள் கல்லூரிப் பெண். அவள் முதலில் சொல்லிக் கொடுத்தது விழுவதற்கு. பயம் வந்துவிட்டால் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடு, கையைப் பின்னால் ஊன்றாதே, வழுக்கிக்கொண்டிருக்கும்போது எழுந்திருக்கப் பார்க்காதே. பிறகு நிற்பதற்கு. கால் நுனிகளைச் சேர்த்துக் குதிகால்களை அகட்டினால் பலகைகள் முன்னால் குறுகிப் பின்னால் விரியும், வேகம் குறையும். இன்னும் அகட்டினால் நின்றுவிடும். நிற்கத் தெரியும்வரை யாரையும் லிஃப்ட்டில் ஏறவிட மாட்டேன் என்றாள். கீழே இருக்கிறவருக்கு முதுகில் கண் இல்லை, ஆகவே மேலிருந்து வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும். நிற்பதானால் நடுவில் நிற்காதே, ஓரத்துக்குப் போ, மேலே இருப்பவர் கண்ணில் படுகிற இடத்தில் நில். கிளம்பும் முன்னால் தலையைத் திருப்பி மேலே பார்.

எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டிலும் ஆபீஸிலும் எப்போதும் நாலைந்து விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே என் இரண்டு பாதங்களைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை. நிறைய விழுந்தேன். வகுப்பு முடியும்போது, அந்தச் சின்னச் சரிவில் மேலிருந்து கீழே வந்து, நிற்க நினைத்த இடத்தில் என்னால் நிற்க முடிந்தது. மகள் கையுறையோடு கைதட்டினாள். வகுப்பு முடிந்த பிறகும் நாங்கள் இரண்டு பேரும் அதே சரிவில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்.

மதியத்துக்கு மேல் கூட்டம் கூடிவிட்டது. நான் முதலில் கீழே வந்து, ஆரஞ்சு வலைவேலியை ஒட்டி ஓரமாக நின்று, பின்னால் வரும் மகளுக்காகக் காத்திருந்தேன். எங்கள் சரிவு முடிகிற இடத்தில்தான் மேலேயிருந்து வரும் இன்னொரு பாதையும் வந்து சேரும். மெதுவாகப் போகச் சொல்லி அங்கே பெரிதாக ஒரு பேனர் கட்டியிருந்தார்கள்.

"நகரு! நகரு! நகரு!"

காலையிலிருந்து அந்த மலையில் எத்தனையோ கூச்சல் கேட்டிருந்தேன். எதற்கும் திரும்பவில்லை. இது தமிழில் கேட்டது. என் வீட்டுக் குரல். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. அதனால் நான் நகரவில்லை, திரும்பினேன். இடுப்பு திரும்பியது, பலகைகள் திரும்பவில்லை. கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, பலகைகள் அம்பு மாதிரி நேராக, கண்கள் பிதுங்க அவர் வந்துகொண்டிருந்தார். மோதினார்.

முழங்காலுக்குள் ஒரு சத்தம். சோடா மூடியைத் திறந்தது போல. வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.

என் மேல் கிடந்தவர் உருண்டு எழுந்தார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த பனியைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"ஏன் நகரல நீ? அவ்ளோ கத்தினேன்ல?"

மகள் சரிவின் பாதியில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

சிவப்புக் கோட்டு போட்ட மலைப் பாதுகாப்பு ரோந்துக்காரர் ஒருவர் வந்தார். வந்தவுடன் தன் பலகைகளைக் கழற்றி, எனக்கு மேலே கொஞ்ச தூரத்தில் எக்ஸ் குறி போலப் பனியில் குத்தி வைத்தார். மேலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து விலகிப் போனார்கள். என்ன நடந்தது என்று ரோந்துக்காரர் கேட்டபோது என் கணவர் உண்மையைத்தான் சொன்னார். நான்தான் மோதினேன், எனக்கு நிறுத்தத் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே சொன்னார். இதை எப்போதும் நினைத்துக்கொள்வேன். முன்பின் தெரியாத ஒருவரிடம், ஆங்கிலத்தில், அவருக்கு அது சுலபமாகத்தான் வந்தது.

என்னைப் பனிவண்டியில் படுக்க வைத்து, போர்வை சுற்றி, பட்டையால் கட்டி இழுத்துப் போனார்கள். மேலே வானம் மட்டும் தெரிந்தது. வலி இன்னும் முழுதாக வந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் நான் நினைத்தது, செவ்வாய்க்கிழமை ஸ்டேஷன் படிக்கட்டில் எப்படி இறங்குவேன் என்பதை. மேனேஜருக்கு யார் சொல்வது, ஊறப்போட்ட கொண்டைக்கடலையை என்ன செய்வது, இப்படி.

அடிவாரத்தில் இருந்த மருத்துவ அறையில் காலுக்குக் கட்டு போட்டு, ஜெர்சி சிட்டிக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். நண்பரும் அவர் மனைவியும் மேல் பாதையிலேயே இருந்ததால் நடந்ததைப் பார்க்கவில்லை. அவர்கள் வந்து பதறினார்கள். அவர்களைத் தேற்றிவிட்டுக் கிளம்பினோம். பின் சீட்டில் குறுக்காகக் காலை நீட்டிக்கொண்டு நான். முன்னால் மகள். இருட்டத் தொடங்கியிருந்தது.

ஊரில், கோபியில், என் அம்மா எழுந்ததும் எனக்குப் போன் பண்ணுவார். அங்கே விடிகாலை என்றால் இங்கே சாயங்காலம் முடிகிற நேரம். என் போன் காரோடு இணைந்திருந்ததால் அம்மாவின் குரல் கார் முழுக்கக் கேட்டது.

"கண்ணு, என்ன பண்றீங்க? வெளிய போயிருக்கீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பேசினார்.

"அத்தை, பதறாதீங்க. அவளுக்குக் கால்ல ஒரு அடி. பனில வெளையாடப் போனோம். யாரோ ஒரு பையன் வேகமா வந்து இடிச்சுட்டான்."

"அய்யோ சாமி! கண்ணு தெரியாதா அவனுக்கு? புடிச்சுக் கேட்டீங்களா மாப்ள?"

"கேட்டேன் அத்தை. ஸாரி சொன்னான்."

மகள் முன் சீட்டிலிருந்து மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். எதிரில் வந்த லாரியின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து போனது. நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள். அம்மா என்னிடம் ஏதேதோ கேட்டார். மாத்திரை போட்டதில் தூக்கமாக வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது உண்மைதான். ஆனால் என் கணவர் சொன்ன அந்த 'ஸாரி' எனக்குள் நிரடிக்கொண்டே இருந்தது. அந்தப் பையனாவது ஸாரி சொல்லியிருக்கிறான்.

ஸ்கேனில் முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைத்து வைத்திருக்கும் முக்கியமான லிகமென்ட் ஒன்று முழுதாக அறுந்திருப்பது தெரிந்தது. வீக்கம் வற்றக் காத்திருந்து ஆபரேஷன் செய்தார்கள். தொடையின் பின்பக்கத்திலிருந்து நரம்பு மாதிரி ஒன்றை எடுத்து உள்ளே வைத்துத் தைத்தார்கள். பிறகு ஊன்றுகோல், முட்டியை அசையாமல் பிடிக்கும் பிரேஸ், ஐஸ், மாத்திரை, மறுபடி ஐஸ். குளிப்பதற்குப் பாத்டப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு டம்ளர் காபியைச் சமையலறையிலிருந்து ஹாலுக்குக் கொண்டுவர இரண்டு கையும் வேண்டும். இரண்டு கையும் ஊன்றுகோலில் இருந்தன. நின்றுகொண்டே சமையல் மேடையில் வைத்துக் குடித்தேன். லேப்டாப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு படுக்கையிலிருந்தே வேலை பார்த்தேன். மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு அப்படியே கண்ணயர்ந்த நாட்கள் உண்டு. உடம்பு அலுப்பு ஒரு பக்கம். எதைச் செய்யவும் இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கும் அலுப்பு அதைவிடப் பெரியது.

அவர் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ரசமும் பருப்பும் வைக்கக் கற்றுக்கொண்டார். என் காலுக்கு சாக்ஸ் மாட்டிவிட்டார். துணி மடித்தார், மகளின் டான்ஸ் கிளாஸுக்கு ஓட்டிப் போனார், ராத்திரி நான் புரண்டால் எழுந்து காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்தார். இவ்வளவு செய்தவரிடம் நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எப்போது கேட்பது? சாக்ஸ் மாட்டும்போதா?

ஆனால் அந்தப் பையன் வளர்ந்துகொண்டே போனான். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் எப்படி ஆச்சு என்று கேட்பார்கள். காபியை அவர்கள் கையில் கொடுத்துக்கொண்டே இவர் சொல்வார். முதலில் அவன் வெறும் பையன். அப்புறம் ஸ்னோபோர்டில் வந்தான். அப்புறம் ஹெல்மெட் போடாமல் வந்தான். எங்கள் கட்டடத்திலேயே இருந்த ஒரு மதுரைக்காரத் தம்பதி வந்தபோது அவன் குடித்திருந்தான்.

"இவனுங்களையெல்லாம் உள்ளயே விடக் கூடாதுங்க" என்றார் அந்த அங்கிள்.

"அதான் அங்கிள். கன்ட்ரோல் இல்லாதவன் எதுக்கு மேல ஏறணும்?" என்றார் என் கணவர்.

அதை அவர் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார். மகள் தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு நேரம் சரியில்லம்மா" என்றார். நான் ஆமாம் என்றேன்.

நடந்ததை நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது பிசியோதெரபிப் பெண்ணிடம். என் வயதுதான் இருக்கும், கையில் வலு உள்ளவள். என் காலை மடக்கி நீட்டி, தூக்கிப் பிடித்து எண்ணச் சொல்லிவிட்டு, இது எப்படி ஆனது என்று கேட்டாள். என் கணவர் இடித்தார் என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்த சீசனில் கணவனிடம் இடிபட்டு வந்தவள் நீ முதல் ஆள் இல்லை, போன வருஷம் ஒருத்தி மாமனாரிடம் இடிபட்டு வந்தாள் என்றாள். நான் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் தூக்கிப் பிடித்திருந்த கால் கீழே விழுந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணு என்றாள்.

அன்று வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் மேல் கோபம் இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

கோடை போய், நான் பிரேஸைக் கழற்றி, மறுபடி ரயிலில் நின்றுகொண்டு போகத் தொடங்கினேன். ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் ஓடாத நாட்களில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவேன். பின்னால் வருகிறவர்களின் பெருமூச்சு என் கழுத்தில் படும்.

டிசம்பரில் மகள் அந்தப் பேச்சை எடுத்தாள். பள்ளியில் ஸ்கீ கிளப் இருக்கிறது, சனிக்கிழமைகளில் பஸ்ஸில் கூட்டிப் போகிறார்கள், தோழிகள் எல்லாம் சேருகிறார்கள், தானும் சேர வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். நான் மேஜையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம்டா தங்கம். அம்மாவுக்கு ஆனது போதாதா? மறுபடி எவனாவது வந்து இடிப்பான்."

"ஹூ?" என்றாள் மகள்.

"என்னது?"

"ஹூ ஹிட் அம்மா, அப்பா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். கல்லில் தோசை தீய்ந்த வாசனை வந்தது. அவர் அடுப்பை அணைத்தார். தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கத்தியைக் கீழே வைத்தேன். இந்த முறை நான் தலையை அசைக்கவில்லை.

"நான்தான்" என்றார்.

"ஐ நோ. ஐ வாஸ் தேர்." அவள் கண்கள் நிறைந்திருந்தன. "யூ நெவர் சேட் ஸாரி டு ஹர்."

சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. அவர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"நீ ஏன் ஒரு தடவகூட இல்லன்னு சொல்லல?"

"எப்பங்க சொல்றது? பாத்ரூம் போறதுக்கே எனக்குத் தெம்பு இல்ல. இதுல உங்க கதைய வேற திருத்திட்டு இருக்கணுமா?"

மேஜையில் சிதறியிருந்த வெங்காயத் தோலை ஒதுக்கினார். பிறகு மேஜையைப் பார்த்தபடி சொன்னார்.

"உங்கம்மா என்ன நெனைப்பாங்களோன்னு பயத்துல அன்னைக்கு வாயில வந்துடுச்சு. அப்புறம் எல்லார்கிட்டயும் அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு. சொல்லச் சொல்ல எனக்கே அந்தப் பையன் மூஞ்சி தெரிய ஆரம்பிச்சுது. பச்சக் கலர் ஜாக்கெட்கூடப் போட்டிருந்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வெங்காயம் வேறு.

"அங்க விழுந்த ஒடனே என்ன கேட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றார். "ஏன் நகரலன்னு கேட்டேன். டெய்லி ஞாபகம் வருது. உனக்கு சாக்ஸ் போடறப்பல்லாம் வந்துச்சு. தப்புதான். நான் கிளாஸ்ல நின்னிருக்கணும். ஸாரிம்மா."

பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அது பரவாயில்லை என்கிற மாதிரி இல்லை. ஆனால் தீய்ந்த தோசையைச் சுரண்டிப் போட்டுவிட்டு அவர் அடுத்ததை வார்த்தபோது, தட்டை நீட்டினேன்.

அன்றே என் அம்மாவுக்குப் போன் போட்டது அவர்தான். நான் போடச் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நின்றுகொண்டே பேசினார்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பிப்ரவரில அவள இடிச்சது வேற யாரும் இல்லைங்க. நான்தான். எனக்கு நிறுத்தத் தெரியல."

அந்தப் பக்கம் டிவியின் சத்தத்தை அம்மா குறைப்பது கேட்டது.

"சரி விடுங்க மாப்ள. வேணும்னா பண்ணீங்க? சாப்ட்டாச்சா?"

அவ்வளவுதான். பத்து மாதமாக நான் சுமந்துகொண்டு திரிந்தது அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அம்மா அவரைக் கொஞ்சமாவது திட்டியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது. மாப்பிள்ளையை எப்படித் திட்டுவார்? பிறகு என்னிடம் தனியாகப் பேசும்போதும் அம்மா அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கால் வலிக்கிறதா, எண்ணெய் தேய்க்கிறாயா என்று மட்டும் கேட்டார்.

மகளைக் கிளப்பில் சேர்த்தோம். வகுப்பை முடிக்காமல் மேலே ஏறக் கூடாது, ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது, தனியாகப் போகக் கூடாது, களைத்துவிட்டால் கடைசியாக ஒரு முறை என்று ஆசைப்படாமல் நிறுத்திவிட வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார். அவள் கண்களை உருட்டினாள், ஆனால் கேட்டுக்கொண்டாள். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கேட்டார்.

"நாம மூணு பேரும் ஒரு தடவ போலாமா? நான் கிளாஸ்ல சேரறேன்."

"நான் பலகையத் தொடமாட்டேன்" என்றேன்.

"நீ உள்ள உக்காந்திரு. அது போதும்."

அதே மலைக்குத்தான் போனோம். வாடகைக் கவுண்டரில், எனக்கு ஒன்றும் தெரியாது, முதல் தடவை என்று அவர் சொன்னார். மகள் தன் தோழி ஒருத்தியோடு சேர்ந்துகொண்டாள். நான் அடிவாரத்துக் காபி கடையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி பிடித்தேன். ஈரக் கையுறை வாசனையும் பொரித்த உருளைக்கிழங்கு வாசனையும் கலந்து அடித்தது. புத்தகம் கொண்டுபோயிருந்தேன். ஒரு பக்கம்கூட ஓடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கோட்டை மாட்டிக்கொண்டு வேலிவரைக்கும் நடந்தேன். அவர் வரிசையில் கடைசியில் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் அவர் இடுப்பு உயரம். ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவர் முறை வந்தபோது முதலில் தலையைத் திருப்பி மேலே பார்த்தார். பிறகு குதிகால்களை அகட்டி, முட்டிகளை மடக்கி, இன்ச் இன்ச்சாக வந்தார். குழந்தைகள் அவரைத் தாண்டிப் போனார்கள். பாதியில் ஒரு சின்னப் பெண் விழுந்து கிடந்தாள். அவளுக்கு ரொம்ப மேலேயே அவர் நின்றுவிட்டார். அவள் எழுந்து போகும்வரை அப்படியே நின்றார். தொடைகள் நடுங்குவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. நான் நின்றதை அவர் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. குளிரில் முழங்கால் குடையத் தொடங்கியதும் உள்ளே திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்து என் எதிரில் தொப்பென்று உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்ற முடியவில்லை, விரல்கள் விறைத்திருந்தன. குனிந்து கழற்றிவிட என் முட்டி மடங்காது. மகள் வந்து தரையில் உட்கார்ந்து, கொக்கிகளை ஒவ்வொன்றாக நெம்பிக் கழற்றினாள். அவள் அவரிடம் மறுபடி சரளமாகப் பேசத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஹவ் மெனி டைம்ஸ் டிட் யூ ஃபால்?"

"எண்ணல. எண்ணாம இருக்கறதே நல்லது." பிறகு என் பக்கம் திரும்பினார். "கால் எப்படி இருக்கு?"

"குளிருக்கு வலிக்குது."

"அடுத்த வருஷம் வேணும்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு நீயும் சேரு. அந்தச் சின்னச் சரிவு மட்டும். நான் கூடவே இருக்கேன்."

நான் யோசித்துப் பார்த்தேன். நிற்க நினைத்த இடத்தில் நின்ற அந்த ஒரு மதியம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆசை இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். இல்லை. அதில் வருத்தமும் இல்லை.

"வேண்டாங்க. நீங்க ரெண்டு பேரும் போங்க. எனக்கு இப்படி ஒக்காந்திருக்கறதே போதும்."

அவர் வற்புறுத்தவில்லை. சூடாக ஏதாவது வாங்கி வருகிறேன் என்று சாக்ஸ் காலோடு எழுந்து போனார். மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தலையைத் தோளில் சாய்த்தாள். ஈர முடி. தூங்கிவிட்டாள். எனக்கும் கண் சொக்கியது. வெளியே விளக்குகளைப் போட்டிருந்தார்கள், ஆட்கள் இன்னும் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். வீட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் போக வேண்டும்.